தேரிக்குள் இலை வாசம்

பஸ் அவரை இறக்கிவிட்டுப் போன பிறகு, புழுதி அடங்கட்டும் என்று துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்ற நாச்சிமுத்து, துண்டை எடுத்த முதல் மூச்சிலேயே அந்த வாசத்தை உணர்ந்தார். வாடுகிற தேயிலையின் வாசம்.

சுற்றிலும் பார்த்தார். ரோட்டுக்கு ஒரு பக்கம் உடைமரங்கள். மறுபக்கம் கண்ணுக்கெட்டிய தூரம்வரை செக்கச்செவேலென்று தேரி மணல், மேடும் பள்ளமுமாக, இடையிடையே கழுத்துவரை புதைந்து தலை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பனைகள். ஆடி மாதத்து மேல்காற்று மணலின் மேல்தோலை உரித்துக் கிழக்கே தள்ளிக்கொண்டிருந்தது. ஒரு தேயிலைச் செடியைப் பார்க்க வேண்டுமென்றால் இங்கிருந்து ஒரு பகல் முழுக்கப் பயணம் செய்து மலையேற வேண்டும். வேறு யாராக இருந்தாலும் ஏதோ பச்சிலை என்று விட்டிருப்பார்கள். நாச்சிமுத்து டீ ஃபேக்டரியில் இருபத்தாறு வருஷம் டீ மேக்கராக, இலைப் பக்குவம் பார்த்து வேலை நடத்தும் பொறுப்பில் இருந்தவர். பறித்து வந்த இலையை மேல்மாடியில் பரப்பி வாட்டும்போது எட்டு மணி நேரத்தில் ஒரு வாசம், பன்னிரண்டில் ஒன்று, பதினாறில் ஒன்று என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுகிற மூக்கு. அந்த மூக்கில்தான் அவர் பிழைப்பு ஓடியது. இது இப்போதுதான் பரப்பிய இலை. நாலு மணி நேரம் ஆகியிருக்கும்.

தோளில் தொங்கிய ரெக்சின் பையிலிருந்து வருகிறதோ என்று ஜிப்பைத் திறந்து முகர்ந்தார். பழைய கம்பளியின் முடை நாற்றம், பீடி வாசம். அவ்வளவுதான். மூடிவிட்டு நடந்தார்.

பை அவருடையதல்ல. பிக்கட்டிக்குக் கீழே, குந்தா போகிற ரோட்டின் வளைவில் இருந்த டீ ஃபேக்டரியில் வாட்ச்மேனாக இருந்த இசக்கிமுத்துவினுடையது. அவன் செத்துப் பதினான்கு மாதம் ஆகிறது.

பச்சை இலைக்கு விலை இல்லாமல் போன வருஷங்கள் அவை. பறித்த இலையை எடுத்துப்போகவும் மனமில்லாமல் ஜனங்கள் ரோட்டோரத்தில் கொட்டினார்கள். ஃபேக்டரிகள் ஒவ்வொன்றாக மூடின. நாச்சிமுத்துவின் ஃபேக்டரி ஒரு சனிக்கிழமை மத்தியானம், மேல்மாடியில் இலை பரப்பிக் கிடக்கும்போதே மூடப்பட்டது. உள்ளே இருந்த மோட்டார்களுக்கும் செம்புக் கம்பிகளுக்கும் காவலாக இசக்கிமுத்து மட்டும் இருந்தான். அங்கேயே காய்ச்சல் கண்டு செத்தான். மழையில் ரோடு சரிந்து கிடந்ததால் ஊரிலிருந்து ஆள் வந்து சேர்வதற்குள் அங்கேயே புதைத்துவிட்டார்கள். அவன் மனைவி ஆண்டாயி முகம் பார்க்கவில்லை. “சாமானை நான் ஊட்ல கொண்டு சேத்தீர்றேன்” என்று நாச்சிமுத்து எல்லார் முன்னாலும் பையை வாங்கிக்கொண்டார். பெரிய மனசு என்று நாலு பேர் சொன்னார்கள். அப்புறம் பை அவருடைய கட்டிலுக்கு அடியிலேயே கிடந்தது. கூட்டும்போதெல்லாம் அவர் மனைவி தங்கமணி அதை நகர்த்தி வைத்துக் கூட்டினாள்.

போன வாரம் ஆண்டாயியிடமிருந்து கடிதம் வந்தது. யாரோ எழுதிக்கொடுத்த கையெழுத்து. பையைத் தபாலில் அனுப்ப வேண்டாம், நீங்களே வந்தால் அவரைப் பற்றி நாலு வார்த்தை கேட்டுக்கொள்வேன் என்று இருந்தது.

“ஏனுங்க, புருசன் மொகத்தக்கூடப் பாக்காத பொம்பள கூப்புடறா. போயிட்டு வந்தா என்னங்க?” என்றாள் தங்கமணி.

“வேல இருக்குது.”

“என்ன வேலைங்க? ஃபேக்டரிதான் மூடிக் கெடக்குதே.”

அவள் குத்திக்காட்டிச் சொல்லவில்லை. அவரை நல்லவர் என்று நம்பிச் சொன்னாள். அதனால்தான் அவரால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. மறுநாள் சாயங்காலப் பஸ்ஸில் கிளம்பிவிட்டார்.

ரோட்டோர டீக்கடைக்காரர் வழி சொன்னார். “பழைய லைட் ஹவுஸா? அதுல வெளக்கு எரிஞ்சு பத்து வருசம் ஆச்சே. மவளக் கட்டிக்குடுத்த பொறவு ஆண்டாயி ஒருத்திதான் கெடக்கா. நேரா கெழக்க போங்க. பொழுது சாயுமுன்ன திரும்பிருங்க. இந்தக் காத்துல தடம் நிக்காது.”

தடம் நிற்கவில்லைதான். கால் வைத்த குழி அடுத்த காலை எடுப்பதற்குள் தூர்ந்தது. ஒரு மேட்டில் ஏறும்போது முழங்கையூன்றி விழுந்தார். கையில் ஒட்டிய மணலை உதறப்போனவர் அப்படியே நின்றார். பொடியாக, பழுப்புச் சிவப்பில், ஒரே சீராக, கடைசிச் சல்லடையில் இறங்கும் டஸ்ட் டீயைப்போலவே இருந்தது அது. பழக்கத்தில் விரலிடுக்கில் வைத்துத் தேய்த்துப் பார்த்தார். பிறகு யாரோ பார்த்துவிட்டதுபோல் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

மேடு தாண்டியதும் கடல் தெரிந்தது. கடலுக்கும் தேரிக்கும் நடுவே கலங்கரை விளக்கம். சுண்ணாம்பு உதிர்ந்து, கறுப்புப் பட்டைகள் வெளுத்து, உச்சியில் கண்ணாடிக் கூண்டு. மேற்குப் புறம் மணல் கோபுரத்தின் பாதி உயரத்துக்கு ஏறிச் சாய்ந்திருந்தது. கோபுரத்தைச் சுற்றிக்கொண்டு வந்த மணல் கடல்பக்கத்திலும் இரண்டு மேடுகளாகக் குவிந்து, நடுவில் ஒரு பள்ளம் மட்டும் விட்டிருந்தது. அந்தப் பள்ளத்தில்தான் கதவு. பக்கத்தில் விளக்குக்காரர்களுக்குக் கட்டிய பழைய வீடு, ஓடுவரை புதைந்து. அதன் வாசலில் ஒரு பெண் மண்வெட்டியால் மணலை வாரிக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தாள்.

அவரைப் பார்த்ததும் மண்வெட்டியைச் சாய்த்து வைத்தாள். நாற்பத்தைந்து வயது இருக்கும். ஒல்லியான உடம்பு. புருவத்தில் சிவப்பு மணல் படிந்திருந்தது.

“நாச்சிமுத்து அண்ணாச்சிதான? வாருங்க. மலையிலேர்ந்து இம்புட்டுத் தூரம் வந்திருக்கிய.”

“ஆமாங்க அம்மணி.”

“லெட்டர்ல எழுதுவாக. டீ மேக்கர் அண்ணாச்சி ரொம்ப நல்லவருன்னு.”

நாச்சிமுத்து குனிந்து செருப்பிலிருந்த மணலைத் தட்டினார். தட்டி முடித்த பிறகும் தட்டிக்கொண்டிருந்தார்.

உள்ளே கருப்பட்டிக் காப்பி கொடுத்தாள். டம்ளரின் அடியில் மணல் நெறுநெறுத்தது. ஓட்டிடுக்கில் மணல் நூலாக இறங்கி மூலையில் ஒரு சின்னக் குவியல் சேர்ந்துகொண்டிருந்தது. அதன் சத்தம்கூடக் கேட்டது. அவள் அழவில்லை. அழுதிருந்தால் தேவலையாக இருந்திருக்கும். சம்மணம் போட்டு உட்கார்ந்து, பாடம் கேட்கிற பிள்ளைபோல் அவர் வாயையே பார்த்தாள்.

“மொகம் எப்பிடி இருந்துது அண்ணாச்சி?”

“தூங்கற மாதிரிதானுங்க இருந்துது.”

இல்லை. அப்படி இருக்கவில்லை.

“குடிச்சிருந்தாகன்னு சொல்லுதாவ. ஊருக்குள்ள எல்லாத்துக்கும் தெரிஞ்சு போச்சு. தண்ணிக்குப் போனாக்கூட அதத்தான் பேசுதாளுவ. அவுக தொடவே மாட்டாகளே. மலைக்குப் போயிப் பழகிட்டாகளோ?”

“குளிருங்க அம்மணி. அங்க எல்லாருமே கொஞ்சம்...”

சொல்லி முடிக்கவில்லை. முடிக்க வேண்டிய தேவையும் இருக்கவில்லை. ஆண்டாயி தலையசைத்தாள்.

“ஃபேக்டரி சாவி அவுக சட்டப் பைக்குள்ளதான் இருந்துதாம்லா?”

“ஆமாங்க.”

“அப்பம் கதவத் தொறந்து வந்திருக்கலாம். காச்சல் வந்ததும் கெளம்பிருக்கலாம்.” அவள் தரையிலிருந்த மணலை உள்ளங்கையால் ஒதுக்கினாள். “எங்கிட்ட வரணும்னு தோணல போல.”

அதைச் சொல்லிவிட அதுதான் சமயம். அதற்காகத்தானே இவ்வளவு தூரம் வந்தார். ராத்திரி முழுக்க பஸ் ஜன்னலில் தலையைச் சாய்த்து அந்த வார்த்தைகளைத்தான் கோர்த்துக்கொண்டு வந்தார். கதவைப் பூட்டியது நான். இரண்டு பக்கமும் சாவி போடுகிற பழைய பூட்டு அது. மகள் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை பார்க்க லீவு வேண்டும் என்று உங்கள் புருஷன் கேட்டான். அவன் ஊருக்குப் போய்விட்டால், மோட்டார் திருடுபோனால், பழி என் தலையில் விழும் என்று பயந்து, வெளியே பூட்டிச் சாவியை நான் எடுத்துக்கொண்டேன். ரெண்டு நாள்தான், திங்கட்கிழமை மாற்று ஆளோடு வருகிறேன் என்றேன். “சரி சார். வந்துருவியள்லா?” என்று கேட்டான். பதினோரு நாள் கழித்துத்தான் போனேன். மேல்மாடிக்குள், ஜன்னலடியில், அழுகிய இலைமேல் கிடந்தான். போலீஸுக்குச் சொல்வதற்கு முன்னால், சாவியை அவன் சட்டைப் பையில் போட்டேன். கதவைச் சும்மா சாத்தி வைத்தேன். அவன் சட்டைப் பையின் பொத்தானை நானே மாட்டினேன்.

வாய் திறந்தது. “கஷ்டந்தானுங்க அம்மணி” என்றது.

ஆண்டாயி எழுந்தாள். “பைய மேல கொண்டு வச்சிருங்க அண்ணாச்சி. அவுக அப்பா இங்க வெளக்கு ஏத்துனவரு. அவுக பொறந்து வளந்ததெல்லாம் இந்தக் கோபுரத்துலதான். எனக்கு முட்டு வலி, ஏற ஏலாது. அவுக சாமான் அங்க இருந்தா மனசு ஆறும்.”

அவள் கண்ணெதிரிலிருந்து போனால் போதும் என்றிருந்தது அவருக்கு. பையை எடுத்துக்கொண்டார்.

“கதவச் சாத்திராதிய” என்று பின்னாலிருந்து சொன்னாள். “மண்ணு மூடிரும்.”

கோபுரத்தின் கதவு இரும்புக் கதவு, வெளிப்பக்கம் திறப்பது. உள்ளே காலை வைத்ததும் பின்னாலிருந்து ஒரு வீச்சு மணல் கண்ணிலும் காதிலும் அறைந்தது. கண்ணை இறுக்கிக்கொண்டு கையைப் பின்னால் நீட்டிக் கதவை இழுத்தார். டொக்கென்று சாத்திக்கொண்டது. அவர் யோசித்துச் செய்யவில்லை. கை தானாகச் செய்தது.

வெளிக்காற்று சட்டென்று தூரமாகிப்போனது. அதற்குப் பதிலாக உள்ளே ஒரு சத்தம் இருந்தது. கோபுரத்தின் மேற்குச் சுவரில் மணல் வந்து மோதி, சரிந்து, மறுபடி மோதும் சத்தம், நிற்காமல், ஒரே தாளத்தில், சல்லடை மெஷின் ஓடுவதைப்போல. நாச்சிமுத்து இருபத்தாறு வருஷம் கேட்டுத் தூங்கிய சத்தம் அது. சுவர் ஓரமாக இரும்புப் படிகள் சுற்றிச் சுற்றி மேலே போயின. மேலிருந்து மங்கலான ஒரு சிவப்பு வெளிச்சம் இறங்கியது. அதோடு வாசமும் இறங்கியது.

எட்டு மணி நேரம், என்றது மூக்கு.

ஏறினார். துருப்பிடித்த கைப்பிடி உள்ளங்கையில் செதில் செதிலாக உரிந்தது. முதல் சுற்று முடிந்த இடத்தில், சுவரில் கைவிரல் அகலத்துக்கு ஒரு சந்து ஜன்னல். அங்கே வாசம் கனிந்திருந்தது. பச்சை மணம் போய், பழுத்த பழத்தின் இனிப்பு மெல்ல ஏறுகிற பக்குவம். பன்னிரண்டு மணி நேரம். இரண்டாவது சுற்றில் பதினாறு. இலையைக் கையில் பிடித்து அமுக்கினால் பந்தாகி, விட்டால் மெல்ல விரிகிற நேரம். ஃபேக்டரியாக இருந்தால், இறக்குங்கப்பா, போதும் என்று அவர் குரல் கொடுத்திருப்பார். யாரும் இறக்கவில்லை. மூன்றாவது சுற்றில் அது முற்றிப்போயிருந்தது. புளிப்பு தட்டியது.

அப்போதுதான் மேலே யாரோ நடந்தார்கள்.

டயர் செருப்புச் சத்தம். ஒரு கால் ஊன்றி, ஒரு கால் இழுத்து. நாலு எட்டு. நின்றது. திரும்பியது. நாலு எட்டு.

இசக்கிமுத்துவின் வலது கால் கொஞ்சம் இழுக்கும். ராத்திரி ஷிஃப்டில் டீ ருசி பார்த்துக்கொண்டிருக்கும்போது மேல்மாடிப் பலகையில் அந்தச் சத்தம் கேட்டால் நாச்சிமுத்துவுக்கு நிம்மதியாக இருக்கும். காவல் இருக்கிறது என்று.

“யாருங்க?” என்றார்.

கோபுரம் அதை வாங்கி வைத்துக்கொண்டது. நடை நின்றது. மேலே ஒருவர் கைப்பிடிக்கு மேல் குனிந்து பார்த்தால் எப்படி வெளிச்சம் மறையுமோ, அப்படிச் சிவப்பு வெளிச்சம் ஒரு நொடி மறைந்தது. பிறகு வந்தது.

பையை அந்தப் படியிலேயே வைத்தார். இங்கேயே இருக்கட்டும். போதும். திரும்பி இறங்கினார், முதலில் மெதுவாக, பிறகு இரண்டிரண்டு படியாக.

கதவு திறக்கவில்லை.

தோளால் முட்டினார். காலால் உதைத்தார். இரும்புக்கு அந்தப் பக்கம் ஒரு எருமை சாய்ந்து படுத்திருப்பதைப்போல அசைவற்ற கனம். கதவின் அடியிடுக்கு வழியாக மணல் நாக்கு நாக்காக உள்ளே வந்துகொண்டிருந்தது. கால்மணி நேரம்கூட ஆகியிருக்காது. கால்மணியில் எப்படி இவ்வளவு?

“அம்மணி” என்று கூப்பிட்டார். “அம்மணி, கதவு மாட்டிக்குச்சுங்க.”

சல்லடை ஓடியது.

கையால் கதவைத் தட்டினார். உள்ளங்கையால், பிறகு முஷ்டியால். கொஞ்ச நேரம் தட்டிவிட்டு நிறுத்தினார். நிறுத்தியதும் தன் கையைப் பார்த்தார். விரல் முட்டிகளில் தோல் உரிந்து ரத்தம் கசிந்திருந்தது. இசக்கிமுத்துவின் கையும் இப்படித்தான் இருந்தது. எலி கடித்திருக்கும் என்று அவர் போலீஸ்காரரிடம் சொல்லியிருந்தார்.

மணல் அவர் கணுக்காலைத் தொட்டது.

வெளியே குரல் கேட்க வேண்டுமென்றால் உச்சிக்குத்தான் போக வேண்டும். கண்ணாடிக் கூண்டைச் சுற்றி ஒரு நடைமேடை இருக்கிறது. அங்கிருந்து கத்தினால் கேட்கும். வேறு வழியில்லை. ஏறினார். முதல் சுற்று. இரண்டாவது. மூன்றாவது சுற்றில் பையை வைத்த படி வந்தது.

பை இல்லை.

அவர் அந்தப் படியில் உட்கார்ந்துவிட்டார். பக்கத்தில் சந்து ஜன்னல். அதன் வழியே தெரிந்த தேரி, சாயங்கால வெளிச்சத்தில் மேடு மேடாக, கோடு கோடாக, கத்தரித்து விட்ட தேயிலைச் சரிவைப்போல் இருந்தது. அவர் பார்க்க விரும்பாத ஒன்று அந்தச் சரிவில் வந்து நின்றது.

ஆறாவது நாள். வியாழக்கிழமை. சோலூர் பக்கம் ஒரு ஃபேக்டரியில் வேலை இருக்கிறது என்று கேட்டுப் போய்விட்டு, மழையில் பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தார். ஃபேக்டரி வளைவில் எதிரே லாரி வந்ததால் பஸ் நின்றது. மேல்மாடி ஜன்னலில் இசக்கிமுத்து நின்றிருந்தான். கம்பி வலைக்கு உள்ளே. துண்டை ஆட்டிக்கொண்டிருந்தான். வாய் திறந்து திறந்து மூடியது. பஸ்ஸுக்குள் யாரோ ஒரு பெண் சொன்னாள், “அங்க பாருங்க, யாரோ கூப்புடறாங்க.” எல்லாரும் பார்த்தார்கள். நாச்சிமுத்துவின் சட்டைப் பையில் சாவி இருந்தது. இறங்கினால், இத்தனை நாள் ஏன் வரவில்லை என்று அவன் கேட்பான். இத்தனை பேர் முன்னால் கேட்பான். உள்ளே வைத்துப் பூட்டியிருந்தது தெரிந்துபோகும். அவர் சொன்னார், “நம்ம வாட்ச்மேன்தானுங்க. பொழுது போகாம ஆட்டறான்.” பஸ் சிரித்தது. அவரும் சிரித்தார். மேலே அவன் அவரைப் பார்த்துவிட்டான். கண்டுகொண்டான். துண்டு இன்னும் வேகமாக ஆடியது. முகம் மலர்ந்திருந்தது. நாச்சிமுத்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நாளைக்கு வரலாம் என்று நினைத்தார். மறுநாளும் அப்படியே நினைத்தார்.

மேலே இருமல் சத்தம். ஈரமான இருமல். ஒன்று. இன்னொன்று.

கீழே படிகளை மணல் விழுங்கிக்கொண்டு வருவது தெரிந்தது. முதல் சுற்றின் கைப்பிடியைக் காணவில்லை. அவர் எழுந்தார். மேலேதான் போக முடியும்.

நாலாவது சுற்று. ஐந்தாவது. வாசம் இப்போது வாசமாக இல்லை. அது என்ன என்று மூக்குக்குத் தெரியும். இறக்காமல் விட்ட இலை. பதினோரு நாள். அதற்குள் படுத்திருந்த வேறொன்றும்.

கண்ணாடிக் கூண்டு.

யாரும் இல்லை.

விளக்கை எப்போதோ கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். மணல் அரித்து அரித்துக் கண்ணாடிகள் பால்போல் மங்கியிருந்தன. தரை முழுக்க மணல், நாலு விரல் கனத்துக்கு, ஒரே மட்டமாகப் பரப்பியிருந்தது. அதன்மேல் விரல்களால் கோதிவிட்ட கோடுகள். காற்று போகட்டும் என்று வாடுகிற இலையை இப்படித்தான் கோதி விடுவார்கள். கோடுகள் புதியவை. ஓரத்தில் பை திறந்து கிடந்தது. கம்பளி விரித்துப் போடப்பட்டிருந்தது. நடுவில் ஒரு உடம்பு அழுந்திய பள்ளம்.

அவர் அதன்மேல் கால் படாமல், சுவரோடு ஒட்டிக்கொண்டு நகர்ந்தார். நடைமேடைக் கதவு திறந்திருந்தது. வெளியே காற்று. வடக்குப் பக்கமாகப் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பின்னால் மேற்கே சூரியன் பனங்காட்டின் தலையில் உட்கார்ந்திருந்தது. எதிரே கீழே கடல்பக்கத்து மேடு. கதவு இருந்த பள்ளத்தைக் காணோம். வழவழவென்று மணல்.

மேட்டின்மேல் ஆண்டாயி நின்றிருந்தாள். அவருக்கு முதுகு காட்டி.

“அம்மணி” என்று கத்தினார்.

அவள் திரும்பவில்லை.

பிறகு அது வெளியே வந்தது. கோர்த்து வைத்த வார்த்தைகளில் எதுவும் இல்லை. “பூட்டினது நானுங்க. சாவிய நாந்தான் வெச்சிருந்தனுங்க. செத்தப்பறம் அவரு சட்டப் பையில போட்டனுங்க. அவரு குடிக்கலீங்க அம்மணி. ஒரு சொட்டு குடிக்கலீங்க. வர்றதுக்குத்தான் கெடந்து தவிச்சாருங்க. ஜன்னல்ல நின்னு கூப்புட்டாருங்க. நான் பாத்தனுங்க. பாத்துட்டுத்தான் போனனுங்க.”

காற்று ஒவ்வொரு சொல்லையும் உதட்டிலேயே பிய்த்துக் கடலுக்குக் கொண்டுபோனது. தன் காதிலேயே விழவில்லை. தொண்டை கிழிந்து, கண்ணில் நீர் வழிந்து, மணல் அதில் ஒட்டிக்கொள்ள, மறுபடியும் முதலிலிருந்து சொன்னார்.

ஆண்டாயி தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் எதைப் பார்க்கிறாள் என்று அவரும் பார்த்தார்.

கோபுரத்தின் நிழல் நீளமாக மேட்டின்மேல் ஏறிக் கிடந்தது. கூண்டின் குமிழ் அவள் காலடிவரை வந்திருந்தது. குமிழுக்கு வடக்கே, கம்பிக்கு மேல், ஒரு தலையும் தோளும். அது அவர். கையை அசைத்தார். நிழலும் அசைத்தது.

அதன் பக்கத்தில் இன்னொரு தலை இருந்தது.

தோளோடு தோள் ஒட்டி. அசையாமல்.

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. இடது கன்னத்தில் சூடு பட்டது. காய்ச்சல்காரன் பக்கத்தில் நின்றால் படுகிற சூடு. மூச்சு விடுகிற சத்தம். புளித்த இலை. அவர் கம்பியை இறுகப் பிடித்தார். கண்ணை நிழலிலிருந்து எடுக்கவில்லை.

இரண்டாவது நிழல் கையைத் தூக்கியது.

ஆண்டாயி முட்டி வலியோடு மெல்ல மெல்லக் குனிந்தாள். மணலில் உட்கார்ந்தாள். அவருடைய நிழலின்மேல்தான் உட்கார்ந்தாள். அது அங்கே இருப்பதே தெரியாதவள்போல. உள்ளங்கையை விரித்து மற்ற நிழலின் தலைமேல் வைத்தாள்.

சூரியன் பனங்காட்டுக்குள் இறங்கியது. கோபுரத்தின் நிழல் மங்கி மணலோடு கலந்தது. அவருடைய நிழலும் கலந்தது. மேடு முழுக்க ஒரே சாம்பல் நிறமானது.

அந்த ஒரு நிழல் மட்டும் போகவில்லை. கறுப்பாக, ஓரம் கலையாமல், அவள் மடிக்குப் பக்கத்தில் கிடந்தது. ஆண்டாயி அதன் முகத்தில் விழுந்த மணலை விரல் நுனியால் ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தாள்.